மதினி, சாயப் பொட்டலம் கொண்டு வர வேண்டாம்

எல் அல்கரோபால்,
சிக்லாயோ வழி,
செவ்வாய்க்கிழமை.

லீமாவில் இருக்கும் என் மதிப்புக்குரிய மதினி, என் மகளின் ஞானத்தாய் எர்மெலிந்தா அவர்களுக்கு, உங்கள் தம்பி ஃபெர்மினின் மனைவி தோமிதிலா பணிவுடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையாலும் உங்கள் தயவாலும் இங்கே நானும் அனெலியும் நாயும் நலம். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே நலம். அங்கே உங்கள் முழங்காலும் உங்கள் வீட்டு அண்ணனுடைய வயிறும் நலம் என்று நம்புகிறேன்.

ஃபோன் இருக்கும்போது இவள் எதற்குப் பேனாவைத் தொடுகிறாள், மூன்றாம் வகுப்போடு நின்றவளாயிற்றே என்று நினைப்பீர்கள். குறையாகச் சொல்லவில்லை மதினி, ஃபோனில் நான் ஒரு பேச்சு முடிப்பதற்குள் நீங்கள் இரண்டு வைத்தியம் சொல்லிவிடுகிறீர்கள். நானும் சரி மதினி, சரி மதினி என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்த பிறகுதான் சொல்ல வந்ததே நினைவுக்கு வருகிறது. இது கொஞ்சம் நீளமான விஷயம், நடுவில் யாரும் பேசாமல் இருந்தால்தான் முடிவுக்கு வரும். லீமா பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபெர்மினின் வருஷப் பூசைக்கு வரும்போது சாயப் பொட்டலம் கொண்டு வருவதாகச் சொன்னீர்கள், என் துக்கக் கறுப்பெல்லாம் வெளுத்திருக்கும், புதிதாக ஒரு முக்கு முக்கிவிடலாம் என்று. வேண்டாம் மதினி. நான் கறுப்பைக் கழற்றிவிட்டேன். இந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மேசையில் போட்டுவிட்டு ஃபோனை எடுப்பீர்கள். எடுக்காதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் நன்றி மறந்தவள் இல்லை. ஃபெர்மினை டெங்கு கொண்டுபோன அந்த வாரத்தில் எனக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. நீங்கள்தான் பஸ் ஏறி வந்து, வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டி, மறுநாள் கொல்லையில் சோளத்தில் சிச்சாக் கள் வடிக்கிற பெரிய பானையை ஏற்றிச் சாயம் காய்ச்சினீர்கள். துடைப்பக் கட்டையால் கிண்டிக்கொண்டே கண்ணில் பட்டதையெல்லாம் உள்ளே போட்டீர்கள். என் ரவிக்கைகள் போயின, பாவாடைகள் போயின, சால்வை, துண்டு, ஜன்னல் திரை, திருவிழாவுக்கு எடுத்த மஞ்சள் கவுன், அனெலியின் தலையணை உறை, கடைசியில் ஃபெர்மினின் நீலச் சட்டையும் போனது. "நல்ல துணி, எதுக்கு வீணாக்கணும், நீயே போட்டுக்கோ" என்றீர்கள். ஒரு கை உப்பும் அரை பாட்டில் வினிகரும் ஊற்றிவிட்டு என்னைப் பார்த்து, "வருஷம் முடியறதுக்குள்ள இத கழட்டாத தோமி. கழட்டினா என் தம்பி அங்க நிம்மதியா இருக்கமாட்டான்" என்றீர்கள். நான் தலையாட்டினேன். நீங்கள் சொல்லாவிட்டாலும் அதைத்தான் செய்திருப்பேன். அன்றைக்கு வானத்தையே அந்தப் பானைக்குள் முக்கியிருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

அனெலிக்குத் தோலும் மூச்சும் பிறந்ததிலிருந்தே தகராறு, உங்களுக்குத் தெரியாததா. முழங்கை மடிப்பு, முழங்கால் பின்பக்கம், மணிக்கட்டு எல்லாம் சொறி, கரும்புக் காட்டுக்குத் தீ வைத்துச் சாம்பல் பறக்கிற நாளில் நெஞ்சுக்குள் விசில். அப்பா இருந்தவரை அது வரும், போகும். அவர் போன பிறகு வந்தது போகவில்லை. இரண்டு கன்னமும் தோல் உரித்த தக்காளி மாதிரி ஆகிவிட்டது. படுத்தால் என் ரவிக்கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் தூங்குவாள், தூக்கத்திலேயே சொறிவாள், விடிந்தால் விரல் நகத்தில் ரத்தம் இருக்கும். பிறகு விசில் ஆரம்பிக்கும். விலா எலும்பு உள்ளே இழுத்து இழுத்து வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஃபெர்மினைக் கொண்டுபோன அதே ஆஸ்பத்திரிக் கதவு வழியாக இவளையும் கொண்டுபோக வேண்டி வந்துவிடுமோ என்ற ஒரே பயம்தான் எனக்கு. மற்றபடி எனக்கு எந்தப் பயமும் மிச்சம் இல்லை.

நீங்கள் சொன்ன வைத்தியம் ஒன்றைக்கூட நான் விடவில்லை மதினி. அல்கரோபினாப் பாகு கொடுக்கச் சொன்னீர்கள், கொடுத்தேன், நெஞ்சுக்கு நல்லதோ இல்லையோ பிள்ளைக்கு ருசி பிடித்துவிட்டது, மூச்சு வாங்காதபோதும் வாங்குவது மாதிரி நடித்துக் கரண்டியைக் காட்டுவாள். கட்டிலுக்கு எறும்பு வந்தது. அடுத்தது உள்ளங்காலிலும் நெஞ்சிலும் மென்தால் தைலம். உள்ளங்காலுக்குச் சரி, நெஞ்சில் சொறி வெடித்திருந்த இடத்தில் பட்டதும் அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு தோன்யா பெத்ரோனிலா கையில் அம்மிக் குழவியோடு ஓடி வந்துவிட்டாள், திருடன் என்று நினைத்து. அதன் பிறகு தோன் அசுன்சியோன், கினி எலியால் உடம்பைத் தேய்த்து நோய் பார்க்கிறவர், நீங்கள் சொல்லியனுப்பிய ஆள்தான். அனெலி அந்நிய ஆளைத் தொடவிட மாட்டாள், அதனால் மடியிலேயே வைத்துக்கொண்டேன். அவர் எலியைப் பிடித்து அவள் தலையிலிருந்து கால்வரை தேய்த்தார், மடியில் இருந்ததால் என் கை, தோள், நெஞ்சு எல்லாம் சேர்ந்தே தேய்பட்டது. பிறகு அறுத்துப் பார்த்தார். வெறும் கண்ணால் பார்த்தார், கண்ணாடி மாட்டிக்கொண்டும் பார்த்தார்.

"இந்த உடம்புக்கு முப்பது, முப்பத்தஞ்சு வயசு இருக்கும்மா. சரியா சாப்பிடல. ஈரல் பூரா துக்கம்" என்றார்.

"பிள்ளைக்கு நாலு வயசு ஐயா."

அவர் எலியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப இது பிள்ளையோடது இல்ல" என்றார். என்னைக் கோழிச்சாறு வைத்துக் குடிக்கச் சொல்லி அனுப்பினார். பிள்ளைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவளும் வழியெல்லாம் அந்த எலிக்காகத்தான் அழுதுகொண்டு வந்தாள்.

அப்புறம்தான் நீங்கள் தூக்குமே ஊரில் சொல்லிவைத்து அந்த முடியில்லாத நாயை அனுப்பினீர்கள். உடம்போடு அணைத்துப் படுத்தால் ஆஸ்துமாவை நாய் எடுத்துக்கொள்ளும், ஆனால் எதற்காக வந்திருக்கிறது என்று அதன் காதுபட யாரும் பேசக்கூடாது, நாய்க்குத் தெரிந்தால் எடுத்துக்கொள்ளாது என்று சொன்னீர்கள். தெருவே அந்த ரகசியத்தைக் காப்பாற்றியது மதினி. நாய் வாசலில் உட்கார்ந்திருந்தால் பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று என்னிடம் வாயால் கேட்க மாட்டார்கள், நெஞ்சைத் தொட்டுக் கண்ணால் கேட்பார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு நிறம் என்பதால் அனெலி அதற்குக் கமோத்தே என்று பேர் வைத்தாள். சூடும் சுட்ட கிழங்குச் சூடுதான். உச்சியில் மட்டும் நாலு முடி, உங்கள் வீட்டு அண்ணனுக்கு இருக்கிற மாதிரி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பகலில் நான் பயறு உரிக்கும்போது என் பாவாடையில் சுருண்டுகொள்ளும், படுக்கையில் அனெலிக்கும் எனக்கும் நடுவில் நுழைந்துகொள்ளும். கொஞ்ச நாளில் அதன் வயிறும் ஒரு விலாப்பக்கமும் கறுக்க ஆரம்பித்தது. நாயைக் கொண்டுவந்து விட்டவரிடம் கேட்டோம். "நோய் வெளிய வந்தா கறுப்பாத்தான் வரும், நல்ல சகுனம்" என்றார். நாங்கள் நாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

பிப்ரவரி வெயிலில் ஒரு நாள் கமோத்தே நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தது. அவ்வளவுதான், "எடுத்துக்கிச்சு, எடுத்துக்கிச்சு" என்று பெத்ரோனிலா தெருவைக் கூட்டிவிட்டாள். நாய்க்குத் தெரிந்துவிடக்கூடாது என்பதெல்லாம் அந்த நிமிஷமே போய்விட்டது. ஒருத்தி சிச்சா கொண்டு வந்தாள், ஒருத்தி வறுத்த சோளம் கொண்டு வந்தாள், நாய்க்கு ஒரு துண்டு ஆட்டுக்கறி. வெயிலில் எல்லா நாயும் இரைக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான் தோன்றவில்லை. அன்று சாயங்காலமே கரும்புக் காட்டில் தீ வைத்தார்கள், அனெலிக்கு இழுப்பு வந்துவிட்டது. உதடு நீலமாக ஆரம்பித்ததும் சிச்சா குடித்துக்கொண்டிருந்த பெத்ரோனிலாவின் மருமகன் ஆட்டோவை எடுத்தான். அனெலி நாயின் காதைப் பிடித்த பிடியை விடவில்லை, அதனால் கமோத்தேயும் சுகாதார நிலையத்துக்கு வந்தது.

அங்கே நர்ஸ் மிலூஸ்கா. சின்னப் பெண்தான், ஆனால் குரல் உங்களுடைய குரல் மாதிரி, எதிர்த்துப் பேச முடியாது. "நாய வெளிய விடுங்க சீனோரா" என்றாள்.

"இது மருந்து நாய்ங்க."

"எந்த மருந்துக் கடையில வாங்கினீங்க" என்று கேட்டுக்கொண்டே பிள்ளைக்கு மருந்துப் புகையைப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் உதட்டுக்கு நிறம் திரும்பியது. நான் அப்போதுதான் உட்கார்ந்தேன். மிலூஸ்கா நாயைப் பார்த்தாள். "இது என்ன, நாய் பாதி ஒரு நிறம், பாதி ஒரு நிறம்?"

நோயை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். அவள் பஞ்சை நனைத்து அதன் வயிற்றைத் துடைத்தாள். பஞ்சு கறுப்பானது, நாய் கிழங்கு நிறமானது. இன்னொரு பஞ்சால் என் கழுத்தைத் துடைத்தாள், அதுவும் கறுப்பு. இன்னொன்றால் அனெலியின் காதுக்குப் பின்னால், மெதுவாக. மூன்றையும் தட்டில் என் முன்னால் வைத்தாள்.

"இது நோய் இல்ல சீனோரா. இது உங்க பாவாடை."

யார் சாயம் போட்டது என்று கேட்டாள். நானேதான் என்று சொல்லிவிட்டேன் மதினி. உங்கள் பெயரை எடுக்கவில்லை, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சாயத்தாலதான் நோய் வந்துச்சுன்னு நான் சொல்லல. தோலும் நெஞ்சும் அவளுக்குப் பொறந்ததுலேருந்தே அப்பிடி. ஆனா இது வேர்வையில கரைஞ்சு தினமும் அந்த முகத்துல உரசுது. புண்ணாயிருக்கற தோல இன்னும் புண்ணாக்குது. கறுப்பக் கழட்டுங்க."

"வருஷம் இன்னும் முடியலம்மா."

"பாப்பாவுக்கு எப்ப முடியும்?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு மருந்து எழுதப் போய்விட்டாள்.

அன்றைக்கே கழற்றினேன் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் ஃபெர்மினைப் பற்றிச் சொன்னது காதில் இருந்தது. ஒரு பக்கம் அவர் அங்கே நிம்மதியில்லாமல் இருப்பார், ஒரு பக்கம் இவள் இங்கே சொறிந்துகொண்டிருப்பாள், நான் எந்தப் பக்கம் திரும்புவது. ஆகவே குறுக்கு வழி பார்த்தேன். உப்புத் தண்ணீரில் எல்லாவற்றையும் ஊறவைத்து அலசினேன், ரவிக்கைக்கு மேலே ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொண்டு அவளை அணைத்துப் படுத்தேன். காலையில் துண்டை எடுத்து உதறினால் அதில் அவள் முகம் இருக்கிறது மதினி. நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம், எல்லாம் சாம்பல் நிறத்தில், சிலுவைப் பாதையில் ஆண்டவர் முகம் பதிந்த துணியை வெரோனிக்கா பிடித்திருப்பாளே, அது மாதிரி. அதை மடித்து வைத்தேன். பிறகு கறுப்பைக் கழற்றிவிட்டேன்.

கழற்றிய பிறகுதான் தெரிந்தது, போட்டுக்கொள்ள வேறு துணியே இல்லை, எல்லாம்தான் பானைக்குள் போயிற்றே. போன தேர்தலில் இலவசமாகக் கொடுத்த ஒரு பனியன் மட்டும் கிடந்தது, மார்பில் தோற்றுப்போன ஒருவர் சிரித்துக்கொண்டிருப்பார். அதைப் போட்டுக்கொண்டு அனெலியை எழுப்பினேன். அவள் கண்ணைத் திறந்து என்னை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அம்மா, வந்துட்டியா" என்றாள்.

"நான் எங்கடி போனேன், இங்கதான இருந்தேன்."

"இல்ல. அப்பாகூடப் போயிருந்த" என்றாள்.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுத வரவில்லை, அடுத்ததற்குப் போகிறேன்.

அந்தப் பனியனோடு சந்தைக்குப் போனேன். மீன்காரி கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "சீக்கிரமே வெளுத்துட்டியே தோமி. புது மாப்பிள்ள பாத்தாச்சா?" என்று கேட்டாள், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி. "பாத்தாச்சு. தலையிலேருந்து வால் வரைக்கும் ஒரு முடி கிடையாது, சாப்பாட்டத் தவிர எதுவும் கேக்கறதில்ல" என்றேன். சிரித்துவிட்டாள். பெத்ரோனிலாதான் தன் ரவிக்கை ஒன்றைக் கொடுத்தாள், இரண்டு தோமிதிலா உள்ளே நுழையலாம். அவளுக்குத் தம்பி தவறிப்போய்த் துக்கம் நடக்கிறது, பிள்ளைகளும் வளர்ந்தாகிவிட்டது, என் கறுப்பையெல்லாம் அவளுக்கே கொடுத்துவிட்டேன். திரையையும் தலையணை உறையையும் எரித்துவிட்டேன். வீட்டில் இப்போது ஒரு துளி கறுப்பு கிடையாது, சத்தியம்.

ஃபெர்மினிடமும் போய்ச் சொன்னேன். அனெலியையும் கமோத்தேயையும் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய், அவர் பெயர் எழுதிய பலகையைத் துடைத்துவிட்டு, "இந்தா பாருங்க, இப்பிடி ஆயிருச்சு, மதினிகிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றேன். அவர் என்ன சொல்லுவார், உயிரோடு இருந்தபோதே உங்களிடம் எடுத்துச் சொல்ல அவருக்குத் தைரியம் கிடையாது. ஆனால் அனெலி கன்னத்தை அந்தப் பலகையில் வைத்துக் காட்டினாள், "பாருப்பா, வழவழன்னு" என்று. அந்த நேரத்தில் கமோத்தே பக்கத்துக் கல்லறையில் காலைத் தூக்கியது. அது யாருடைய கல்லறை தெரியுமா, ஃபெர்மினிடம் ஏணி வாங்கித் திருப்பித் தராமலே போனாரே, அவருடையது. இதை ஃபெர்மினின் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது நிலவரம். தோலுக்கு ஓட்ஸ் கஞ்சித் தண்ணீரில் குளியல், ஈரம் காய்வதற்குள் மருந்துக் கடை வாஸ்லினை அள்ளிப் பூசிவிட வேண்டும், மோசமான இடத்துக்கு மட்டும் மிலூஸ்கா கொடுத்த களிம்பு. கமோத்தேக்கும் தோல் வறட்சி, அதனால் வரிசையில் அதுவும் நிற்கிறது. பூசினால் நக்கிவிடுகிறது. நெஞ்சுக்கு ஊதுகிற மருந்து. அதைச் சின்னப் பிள்ளை நேராக இழுக்க முடியாதாம், மஞ்சள் சோடா பாட்டிலில் ஓட்டை போட்டு மிலூஸ்காவே ஒரு குழல் செய்து கொடுத்தாள். அனெலிக்கு அது எக்காளம், வந்தவர்களுக்கெல்லாம் மூச்சு விட்டுக் காட்டுவாள். கரும்பு எரிக்கிற நாளில் ஜன்னலைச் சாத்தி ஈரத்துணி திணிக்கிறேன். முழுக்கப் போய்விடும் என்று மிலூஸ்கா சொல்லவில்லை, பிடித்து வைத்திருக்கலாம் என்றாள். அது போதும் எனக்கு. நாயைப் பற்றிக் கேட்டேன். "ஆஸ்துமாவ எடுக்கவும் எடுக்காது, இதுவரைக்கும் குடுக்கவும் காணோம். கட்டில்ல மட்டும் ஏத்தாதீங்க" என்றாள்.

ஆனால் மதினி, நான் யோசித்துப் பார்த்தேன். அந்த நாய் ஆஸ்துமாவை எடுக்காவிட்டால் என்ன, என் கறுப்பை எடுத்து ஊர் பார்க்கிற இடத்தில் காட்டியது. முடி இருக்கிற நாயாக இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும். ஆகையால் பிள்ளை இன்று கன்னம் வழவழப்பாகத் தூங்குவது உங்கள் வைத்தியத்தால்தான். இதைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன், மிலூஸ்காவிடமும் சொன்னேன், அவள் பெருமூச்சு விட்டாள்.

வருஷப் பூசைக்கு நீங்கள் அவசியம் வர வேண்டும். நான் பெத்ரோனிலாவின் ரவிக்கையைப் பிடித்துத் தைத்து அதில்தான் நிற்பேன், நீங்கள் என் பக்கத்தில் நிற்க வேண்டும். நீங்கள் நின்றால் யாரும் எதுவும் பேச மாட்டார்கள். சாயம் மட்டும் வேண்டாம், மறுபடியும் சொல்கிறேன். உங்களுக்கும் அண்ணனுக்கும் ஆண்டவர் முழங்காலில் பலமும் வயிற்றில் அமைதியும் தரட்டும், நீங்கள் எங்களுக்காக ஏறி இறங்கின பஸ் படி ஒவ்வொன்றுக்கும் அவர் அங்கே கணக்கு வைத்திருக்கட்டும். அனெலி ஞானத்தாய்க்கு ஒரு முத்தம் தருகிறாள், வாஸ்லின் கறை தாளில் தெரியும்.

என்றும் நன்றியுள்ள,
தோமிதிலா

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் ஒன்று. சத்தியம் என்று எழுதிவிட்டேன், பூசை நெருங்குகிற நேரத்தில் அப்படியே விட மனசு வரவில்லை. ஒரே ஒரு கறுப்பு இருக்கிறது. ஃபெர்மினின் அந்தச் சட்டையைப் பெத்ரோனிலாவுக்குக் கொடுக்கவில்லை. அனெலியைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வந்து அதைப் போட்டுக்கொள்கிறேன், துவைப்பது, சமைப்பது எல்லாம் அதில்தான், அவளைக் கூப்பிடப் போகுமுன் கழற்றி அலசிப் போட்டுவிட்டு, குளித்துவிட்டுத்தான் அவளைத் தொடுகிறேன். தினமும் அலசுவதால் சாயம் போய்க்கொண்டே இருக்கிறது. நேற்றுப் பார்த்தேன், சட்டைப் பையின் ஓரத்தில் நீலம் எட்டிப் பார்க்கிறது. அவர் போட்டிருந்த அந்த நீலம் முழுக்க வெளியே வந்துவிட்டால் நான் எப்படி நிற்பேன் என்று தெரியவில்லை, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். ஆகையால் சாயம் ஒரே ஒரு பொட்டலம் மட்டும் கொண்டு வாருங்கள். அனெலி பள்ளிக்குப் போன பிறகு காய்ச்சலாம். கமோத்தேயை அன்றைக்கு எதிர்வீட்டில் கட்டிவிடுகிறேன்.